ஈரத் தூள்

எழுபத்துநான்காம் வருடத்து ஐப்பசி. செங்கல்பட்டில் மூன்றாம் நாளாக மழை. ஓட்டு வீட்டின் ஒற்றை அறையில், தகர டின்னில் செய்த மரத்தூள் அடுப்பின் முன் ஹபீபா குந்தியிருக்கிறாள். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் இல்லை. விறகு வாங்கக் கையில் காசில்லை. மரவாடியில் ரம்பத்தடியில் குவிகிற தூளுக்கு மட்டும் யாரும் காசு கேட்பதில்லை. நடுவில் சோடா பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கொட்டி, முஷ்டியால் இடித்து இறுக்கியிருக்கிறாள். சாக்கில் இருந்த கடைசித் தூள் அது, ஒழுகலில் நனைந்தது. "மூச்சு வுடாம இருங்க, சரிஞ்சிடப் போவுது," என்கிறாள். பாயில் காய்ச்சலோடு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் கணவன் மைதீன் சிரிக்கிறான். "நான் மூச்சு வுடாம கெடந்தா அப்பால கஞ்சி யாருக்கு புள்ள?" நேற்றிலிருந்து அவன் வயிற்றில் ஒன்றும் இல்லை. அவள் பாட்டிலைத் திருகித் திருகி உருவுகிறாள். ஒரு துகள்கூட உதிராமல் துளை அழகாக நிற்கிறது. காய்ந்த தூள் இப்படி நிற்காது. அவள் முகம் மாறுகிறது. அடி ஓட்டையில் காகிதத்தைக் கொளுத்திச் செருகுகிறாள். காகிதம் கருகுகிறது. மேலே துளையிலிருந்து நீலப் புகை மட்டும் எழுந்து ஓட்டுக்கடியில் தேங்குகிறது. தீப்பெட்டியில் மிச்சமிருந்த இரண்டு குச்சிகளும் அப்படியே தீர்கின்றன. "புகை வருதே, பத்திக்கிச்சா?" திரும்பாமலே கேட்கிறான் மைதீன். "பத்திக்கிச்சு. கண்ண மூடிக்கினு இருங்க." பானையை அடுப்பில் ஏற்றி, பச்சைத் தண்ணீரில் கிடக்கும் நொய்யை, அவன் காதில் விழும்படி அகப்பையால் கிளறிக்கொண்டிருக்கிறாள்.