வைகாசிக்கு முன்

வைகாசியில் குறித்திருந்த முகூர்த்தத்தை அண்ணன் சங்கரபாண்டி பங்குனிக்கே இழுத்துவந்தபோது, முப்பது வயதைத் தாண்டிய செண்பகவடிவுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. வந்த வரன்களையெல்லாம் நொட்டை சொல்லித் திருப்பியனுப்பியவன் அவன்.

"அண்ணனுக்கு இப்பவாவது என்மேல இரக்கம் வந்துட்டு மதினி" என்றாள், கல்யாணத்தன்று கோயில் மண்டபத்தில் பூ வைத்துவிட்டவளிடம்.

"இரக்கமா? புதுச் சட்டம் வருதுல்லா. கல்யாணம் ஆகாத பிள்ளைக்கும் இனிமே அப்பா நெலத்துல ஆம்பளைக்குச் சமமாப் பங்காம். அதுக்கு முந்திக் கட்டிக்குடுத்துட்டா ஒண்ணும் கெடையாதாம்."

செண்பகவடிவுக்கு அப்பாவின் ஆற்றுப்பாசன வயல் கண்ணுக்குள் வந்து நின்றது. "அப்போ வைகாசியிலேயே கட்டிக்கிடுதேன் மதினி."

"நல்லாயிருக்கு உன் கத. மாப்பிள்ள உக்காந்தாச்சு, எந்திரி."

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் அவள் தலையை நிமிர்த்தி வாயைத் திறந்தாள். அண்ணனின் கை பிடரியில் விழுந்து அழுத்தியது.

"கூச்சப்படுதா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தான்.

பெண்கள் குலவையிட்டார்கள். "கூடப்பிறந்தவனுக்குத்தான் என்ன பாசம்" என்றாள் ஒருத்தி.

மூன்று முடிச்சும் விழுந்தன. மாப்பிள்ளை எழுந்துகொண்டார். செண்பகவடிவு குனிந்தபடியே இருந்தாள். பிடரியிலிருந்து அந்தக் கை எப்போதோ விலகியிருந்தது.