விரால் சூப்புக்கு உப்பு

"இது சூப்பா மிஸ்ஸி? குட்டைத் தண்ணியச் சுட வச்ச மாதிரி இருக்கு!"

பிச்சைமுத்து முகத்தைச் சுளித்தார். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள். தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக் கட்டுகளைத் தோளில் தூக்கி லாரியில் வீசுகிற ஆள். இங்கே ஒரு தும்மலுக்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாரியம்மனைக் கூப்பிட வேண்டியிருந்தது. நல்லவேளை, பார்ப்பதற்குத் தோட்டத்து ஆட்கள் யாரும் இல்லை.

நர்ஸ் புனிதவதி அவர் முதுகுக்குத் தலையணையை நகர்த்தி வைத்தாள்.

"விரால் குடிச்சால்தான் தையல் ஆறும் எண்டு கேட்டது நீங்கள்தானே அண்ணே. உப்பு எப்படி?"

"உப்பா? அது எங்க இருக்கு? உப்புப் பார்க்காம அடுப்ப விட்டு எறக்குற பொம்பளைய இப்பத்தான் பார்க்கிறேன். எம் பொண்டாட்டி வேணும்னே செய்றா லா!"

ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முதல் நாள் மனைவி செல்லாயியோடு சண்டை. ஆபரேஷன் ஆனதும், விரால் சூப் அனுப்பச் சொல்லித் தோட்ட ஆபீசுக்குப் போன் போடும்படி மிஸ்ஸியிடம் கெஞ்சினார். மறுநாளே தூக்குச்சட்டி வந்துவிட்டது. செல்லாயிதான் வரவில்லை. அது அவருக்குத் தையலைவிட வலித்தது.

"நீங்களே ஒரு வாய் குடிச்சுப் பாருங்க மிஸ்ஸி."

"ஐயோ, எனக்கு வேண்டாம்!" என்று சிரித்தபடி அவள் பின்வாங்கினாள். "என்ன போட்டால் நல்லா இருக்கும்? சொல்லுங்கோ."

"அப்படிக் கேளுங்க! மீனக் கல்லுப்புப் போட்டு ஒரசிக் கழுவணும். இஞ்சியத் தட்டிப் போடணும். மிளகு தாராளமா இருக்கணும். அவகிட்டச் சொல்லுங்க."

அவள் ஒரு தாளில் கவனமாகக் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் சூப்பில் இஞ்சி மணத்தது. அதற்கடுத்த நாள் மிளகுக் காரம் ஏறியது. எட்டாம் நாள் கிண்ணத்தை வழித்து நக்கினார்.

"பாத்தீங்களா மிஸ்ஸி? படுத்துக்கிட்டே பொண்டாட்டியத் திருத்திட்டேன்!"

மீசையை முறுக்கக் கையைத் தூக்கினார். தையல் இழுத்தது. கை தானாக இறங்கிவிட்டது.

வீட்டுக்குப் போகிற அன்று, செல்லாயி இளைத்துப்போய் வந்து நின்றாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா? சரி, சூப்பு வைக்கக் கத்துக்கிட்டியே, அதுக்காக விட்டுர்றேன்."

செல்லாயி விழித்தாள். "எந்தச் சூப்பு? சின்னவனுக்கு அம்மை போட்டு, நேத்துத்தான் தண்ணி ஊத்துனோம். வேப்பிலை கட்டுன வீட்டுல மீனு ஆக்குவாங்களா? மிஸ்ஸிகிட்ட அப்பவே போன்ல சொன்னேன். உங்களுக்குத் தெரிய வேணாம், பயப்படுவீங்கன்னேன்."

பிச்சைமுத்துவுக்கு வியர்த்தது. "அப்ப யாரு...?"

பக்கத்துக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த ஆயா கருப்பம்மாள் சிரித்துவிட்டாள். "மிஸ்ஸிதாண்ணே. குவாட்டர்ஸுக்குப் பின்னால தனி அடுப்பு வச்சு ஆக்குனாங்க. மீனு கழுவ நாந்தான் காட்டிக் கொடுத்தேன்."

பொண்டாட்டியைத் திருத்திய பெரிய மனிதருக்குக் காது சுட்டது. மருந்துச் சீட்டோடு வந்த புனிதவதியை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"மிஸ்ஸி... அன்னிக்கு உப்புப் பார்க்காத பொம்பளைன்னு..."

"உண்மைதானே அண்ணே," என்றாள் புனிதவதி. "நாங்கள் பரம்பரைச் சைவம். நீங்கள் குடிச்சுச் சொன்னால்தானே எனக்கு உப்புத் தெரியும்?"