தலைமாட்டில் இருந்தவள்

"உதிலை இல்லை. இன்னும் கொஞ்சம் கீழை," என்றார் செல்வரட்ணம்.

பாலேஸ்வரி பெருவிரல்களைக் கொஞ்சம் கீழே இறக்கினாள்.

அவர் பாயில் மல்லாந்து கிடந்தார். நொச்சி இலை ஆவி பிடித்துச் சிவந்துபோன கண்களின் மேல் ஈரத்துணி. தலைமாட்டில் காலை மடக்கிக்கொண்டு அவள். விடிந்ததும் தொடங்கிய தும்மல் இப்போதுதான் ஓய்ந்திருந்தது.

பீனிசம் அவருக்குச் சீதனம் கேட்காமல் வந்து சேர்ந்த முதல் பெண்சாதி. புகையிலைத் தோட்டக்காரனுக்குப் புகையிலைத் தூசியே ஆகாது என்றால் அந்தத் தலையெழுத்தை என்னவென்று சொல்வது. போதாக்குறைக்கு இப்போது சண்டையால் கரண்ட் இல்லாமல் வீட்டுக்கு வீடு மண்ணெண்ணெய் விளக்குப் புகை. மூக்குக்கு விடுகிற மருந்து, அரசாங்கம் போட்ட தடையால் வவுனியாவைத் தாண்டி வருவதில்லை. மிஞ்சியிருந்தது பாலேஸ்வரியின் இரண்டு பெருவிரல்கள்தான்.

"கொக்கா இருக்கேக்கை, படுத்த உடனை மூக்கு திறந்திடும்," என்றார்.

செத்துப்போன மூத்தவளின் பெயரை அவர் சொல்லமாட்டார். கொக்கா, உன்ரை அக்கா, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல்லுக்கு மட்டும் அவருடைய குரல் இறங்கி நனைந்துவிடும். கேட்கக் கேட்கப் பாலேஸ்வரிக்கு நெஞ்சில் பச்சைமிளகாய் அரைத்துப் பூசினமாதிரி எரியும்.

அக்கா குணலட்சுமி நெருப்புக்காய்ச்சலில் போய்விட்டாள். ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு பெரியவர்கள் கூடி, வெளியில் எதற்குப் பெண் தேடுவான் என்று தங்கையையே அவருக்குக் கட்டிவைத்தார்கள். அக்காவின் அடுப்பு, அக்காவின் கிணற்றடி, அக்காவின் மனுசன். எல்லாவற்றையும் பாலேஸ்வரி வாய் திறக்காமல் ஏற்றுக்கொண்டாள். அக்காவின் கைராசி என்று ஊர் சொல்வதைத்தான் அவளால் ஏற்க முடியவில்லை.

பண்டத்தரிப்பில் ஒரு கன்னியாஸ்திரி, உடம்பில் எந்த இடத்தை அமத்தினால் எந்த வருத்தம் இறங்கும் என்று பெண்களுக்குப் பழக்கினார். இணுவிலிலிருந்து அக்காவும் தங்கையும் ஒரே சைக்கிளில் போனார்கள். உழக்கியது பாலேஸ்வரி. பின்னால் கரியரில் இருந்து வழிநெடுகக் கதைத்தது குணலட்சுமி. மனுசனின் பீனிசத்துக்கு வித்தை படித்துக்கொண்டு வந்தவள் என்று பேர் எடுத்தவளும் குணலட்சுமிதான்.

உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் முற்றத்தில் நின்று ஏசலாம். செத்தவளை என்ன செய்வது? செத்த மாடு ஒரு படி பால் கூடக் கறக்கும் என்பார்கள். மாலை போட்ட படத்துக்குச் சில நாள் வேண்டுமென்றே விளக்கு வைக்காமல் விட்டிருக்கிறாள். அதற்குமேல் பழி தீர்க்க அவளுக்கு வழி தெரியவில்லை.

ஆனால் அவளிடம் ஒரு விசயம் இருந்தது. பெற்ற தாய்க்கும் சொல்லாமல் வைத்திருந்தாள். அதை எடுத்துப் போட்டால் அக்காவின் கைராசி அந்த இடத்திலேயே குப்புற விழும்.

"கொக்கா கதைச்சுக்கொண்டே இருப்பாள். நீ ஒரு சொல்லும் கதைக்கிறேல்லை," என்றார் அவர்.

சொல்லும்போது துணிக்குக் கீழே சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மூக்கின் இரண்டு பக்கக் குழியிலும் பெருவிரல்களை ஊன்றினாள். கோபத்தில் ஊன்றிய ஊன்றில் எலும்பு தட்டியது. உள்ளே என்னவோ இளகி ஒரு பக்கம் திறந்தது. கொஞ்சம் பொறுத்து மற்றப் பக்கமும் திறந்தது. செல்வரட்ணம் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டார்.

"இப்ப சரி. அப்ப மாதிரியே இருக்கு."

"அப்பவும் என்ரை கைதான், அத்தான்."

சொல்லிவிட்டாள். ஒன்று வந்தபிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. அந்த வகுப்பில் அக்கா பக்கத்தில் இருந்தவளோடு சிரித்துக் கதைத்ததைத் தவிர ஒன்றும் பழகவில்லை. அவர் கண்ணுக்குத் துணி போட்டுப் படுத்ததும் அக்கா பக்கத்தில் இருந்து கதையைத் தொடங்குவாள். தங்கை தன் காப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பூனைபோல வந்து தலைமாட்டில் குந்தி அமத்துவாள். குமர்ப்பிள்ளை அத்தானின் முகத்தைத் தொடுகிறாள் என்றால் ஊர்வாயை மூட உலைமூடி ஏது? மூச்சுக் காட்டாதே என்று அக்கா உதட்டில் விரல் வைத்துக் காட்டுவாள். அவர் எழும்புவதற்குள் தங்கை குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட வேண்டும்.

அவர் துணியை எடுத்து எறிந்துவிட்டு எழும்பி இருப்பார், தன்னை ஒருமுறை முழுசாகப் பார்ப்பார் என்று பாலேஸ்வரி காத்திருந்தாள்.

அவர் துணியை எடுக்கவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றார் ஆறுதலாக. "அவள் கையை ஆட்டி ஆட்டிக் கதைக்க, காப்புச் சத்தம் தலைமாட்டிலை இல்லை, பக்கத்திலையெல்லோ கேக்கும். மூக்கு உன்ரை கையாலைதான் திறந்தது. நான் வந்து படுத்தது அவள் கதைக்கிறதைக் கேக்க."

அதில் ஏச்சு இல்லை. குத்தலும் இல்லை. தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் மாறியாயிற்று என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

பாலேஸ்வரியின் பெருவிரல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவர் காற்றை இழுப்பதும் விடுவதும் அவற்றின் அடியில் தெரிந்தது.

அவளும் எதையாவது கதைக்கலாம் என்று வாயைத் திறந்தாள்.

அவரிடம் சொல்வதற்கென்று இத்தனை காலமும் அவள் வைத்திருந்தது அந்த ஒன்றைத்தான். அதையும் சொல்லி முடித்துவிட்டாள்.