வழிவிட்டவர்

சிக்னலில் சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கு அபராதம் என்று கணவரின் போனுக்குச் செய்தி வந்ததிலிருந்து மனைவி கொதித்துக்கொண்டிருந்தாள்.

“ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டதுக்கு அபராதமா? சும்மா விடாதீங்க. முடியாதுன்னு எழுதிப் போடுங்க.”

“விடும்மா, கட்டித் தொலைச்சிடலாம்” என்றார் அவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

“நீங்க இப்படி வாயில்லாப் பூச்சியா இருக்கறதாலதான் எல்லாரும் தலையில மிளகாய் அரைக்கிறாங்க. அக்காகிட்ட சொன்னேன், அவளுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?”

அவர் தடுப்பதற்குள் செய்தியோடு வந்திருந்த வீடியோவைத் திறந்துவிட்டாள். வண்டிகளெல்லாம் ஒதுங்கி நின்றன. நடுவே ஆம்புலன்ஸ் பறந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, அதற்காகத் திறந்த வழியில், அவருடைய கார் மட்டும் புகுந்து போனது.

‘ஆம்புலன்ஸ் வந்துச்சு, அதான் தாண்டிட்டேன்’ என்று அவர் சொன்னதில் பொய்யில்லை.

அவள் இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தாள்.

“அவங்களுக்கு உயிர் போற அவசரம். உங்களுக்கு என்னங்க அவசரம்?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவள் போன் அடித்தது.

“அக்கா. உங்களப் பாராட்டணும்னு சொல்லிட்டிருந்தா, நீங்களே பேசுங்க” என்று போனை அவர் தட்டருகே வைத்துவிட்டு, அவள் எழுந்து உள்ளே போனாள்.