சிவப்பே இருக்கட்டும்

"அக்கா, எம் பொண்ணுக்குப் போன்ல மறுபடியும் சிவப்பே வர்ற மாதிரி போட்டுடுங்க."

கவுசர் சொன்னதைக் கேட்டுத் திகைத்துப்போனாள் அங்கன்வாடி டீச்சர் பிரேமா. குழந்தைகளின் உயரத்தை அளந்து போனில் ஏற்றிக்கொள்ள வந்திருந்த மற்ற தாய்மார்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா பேச்சு பேசுறே? வயசுக்கேத்த வளர்த்தி இல்லாத புள்ளைக்குத்தான் சிவப்பு. அவங்கவங்க பச்சை வரணும்னு கோயில் மலையைப் பார்த்துக் கும்பிட்டுகினு இருக்காங்க. நீ இப்படிக் கேக்குறியே!"

"இல்லக்கா, வந்து..."

"கூட ஒரு சத்துமாவு பாக்கெட் கிடைக்கும்னு ஆசையா? அதுக்கு என்னைப் பொய் ஏத்தச் சொல்றியா?"

யாரோ சிரித்தார்கள். கவுசரின் முகம் சிறுத்துப்போனது. மகள் நஸ்ரினை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டாள்.

எல்லோரும் போன பிறகு மெல்ல எழுந்து வந்தாள்.

"மாவுக்காக இல்லக்கா. சிவப்புன்னு நீங்க சொன்னதும் எங்க வூட்டுக்காரர் பயந்துட்டாரு. மெக்கானிக் கடையிலேர்ந்து வரும்போது தினம் முட்டையும் பாலும் வாங்கியாந்தாரு. அதுக்காக டீ குடிக்கிறதைக்கூட விட்டுட்டாரு."

"ஆங்... இப்போ?"

"போன மாசம் அவருகிட்ட நீங்க போனைக் காட்டி, 'பச்சை வந்துடுச்சு, இனிமே பயமில்ல'ன்னு சொன்னீங்க இல்ல? அதோட நிறுத்திட்டாரு. அந்தக் காசு மாமியார் மருந்துக்குப் போவுது. அவரையும் தப்பு சொல்ல முடியாதுக்கா."

பிரேமா கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"பொய் சொல்றது பாவம்தான். ஒரு தபா எனக்காகப் போட்டுடுங்க. அந்தப் பாவம் எனக்கே வரட்டும்."

பிரேமா நஸ்ரினை அளவுகோலில் நிறுத்தினாள். உயரமாகத் தெரிய வேண்டும் என்று குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அளவைப் பார்த்து, போனில் ஏற்றினாள். சிவப்பு வந்தது.

"சாயந்திரம் கடைக்கு வந்து உங்க வூட்டுக்காரர்கிட்ட நானே சொல்றேன்" என்றாள்.

"அல்லா உங்களை நல்லா வைக்கணும்க்கா. எனக்காகப் பொய் போட்டீங்களே!"

கவுசர் படியிறங்கிப் போகும்வரை பிரேமாவால் தலை நிமிர முடியவில்லை.

இன்றைக்கு ஏற்றியதுதான் நஸ்ரினின் நிஜமான உயரம். 'உன் சென்டர்லதான் சிவப்பு ஜாஸ்தி' என்று மீட்டிங்கில் மேலதிகாரியிடம் திட்டு வாங்கிய கையோடு, போன மாதம் அவள் ஏற்றியதுதான் பொய்.