எனக்கு மட்டும் தெரிந்த பெரணி

"சுமியே, கதவை இழுத்துச் சாத்திட்டு வா. ஒரு விஷயம் சொல்லணும்."

"சோத்த அடுப்புல வெச்சுட்டு வரேங்க" என்றாள் என் மனைவி சுமியே.

கட்டுப் போட்ட காலை நீட்டிக் காத்திருந்தேன்.

எங்கள் மலையில் பனி கரைந்ததும் முதலில் தலைநீட்டுவது சுருள் பெரணி. அதை வேகவைத்துத் தின்றால்தான் குளிர்காலம் முடிந்ததாகக் கணக்கு. அதுவரை பனிக்கடியில் புதைத்த முள்ளங்கிதான் குழம்பு, அதுதான் ஊறுகாய். டவுன் கடையில் எல்லாக் கீரையும் கிடைக்கிறது. வேறு ஊரில் வந்த வசந்தம் நமக்கு எதற்கு?

பெரணி முளைக்கும் இடத்தை இங்கே யாரும் யாருக்கும் சொல்வதில்லை. பெற்ற பிள்ளைக்கும் இல்லை. என் அப்பாவும் சொல்லவில்லை. பதுங்கிப் பதுங்கிப் பின்னால் போய்த்தான் கண்டுபிடித்தேன்.

வருடா வருடம் ஊருக்கு முதல் பெரணி என் கூடையில்தான் வரும். கூலிக்குக் கூரைப்பனி தள்ளுகிறவனுக்கு இருந்த ஒரே பெருமை அது.

இந்த வருடம் கூரையிலிருந்து நானும் பனியோடு விழுந்தேன்.

நேற்று பக்கத்து வீட்டு தோகுஜி வந்து உட்கார்ந்தான்.

"எப்பண்ணே எந்திரிச்சு நடப்ப? நீ இப்படியே படுத்துக் கெடந்தா நாங்கல்லாம் முள்ளங்கியத் தின்னே சாகணுமா?"

இடத்தைக் கறக்கத்தான் இந்தக் கரிசனம் என்று எனக்குத் தெரியாதா?

"தின்னு சாவுடா" என்றேன்.

ஆனால் நாள் போனால் பெரணி முற்றிவிடும். அந்தப் பெருமையும் போய்விடும். சுமியேயிடம் மட்டும் சொல்லிவிடலாம், அவள் யாரிடமும் சொல்லமாட்டாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். எங்கே ஓடையைத் தாண்டுவது, எந்தப் பாறையில் திரும்புவது என்று வரிசைப்படுத்தியும் வைத்தேன்.

அடுப்படியில் சத்தமே இல்லை. கூப்பிட்டேன். பதில் இல்லை.

சோறு பொங்குகிற நேரத்துக்குள் வாசலில் பூட்ஸைத் தட்டும் சத்தம் கேட்டது. சுமியே கூடையை என் முன்னால் வைத்தாள். ஈரம் சொட்டச் சொட்டச் சுருள் பெரணி.

யாரும் பின்தொடரக் கூடாதென்று நான் மலையைச் சுற்றிப் போவேன். எனக்கு அரை நாள் ஆகும்.

"தோகுஜிகிட்ட சொல்லிட்டேங்க" என்றாள். "நாம எடுத்தாச்சு, இனி வழக்கம்போல நீங்கல்லாம் போகலாம்னு. பாவம், இந்த வருஷம் ரொம்பப் பொறுத்துட்டாங்க."

சன்னலுக்கு வெளியே பாதி ஊர் கூடையோடு மேலே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொருவராக நின்று, என்னைப் பார்த்து மரியாதையாகத் தலைகுனிந்துவிட்டுப் போனார்கள்.