ஒரு நாள் கூட விடாமல்

“போதும் வாக்கா. இன்னைக்கு ஒரு நாள் விட்டா குடியா முழுகிடப் போவுது?”

ஸ்வர்ணலதா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கோட்டை மைதானத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரி. துணைக்கு வருகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு தினமும் அனுபவிக்கிறாள்.

பூங்காவனம் நிற்கவில்லை. ஐம்பத்தைந்து வயது. வாழ்நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்து உட்கார்ந்தே பெருத்த உடம்பு. இரண்டு முழங்கால்களும் கெஞ்சின. மணிக்கட்டில் தொளதொளவென்று ஆடிய வாட்ச்சைத் திருப்பிப் பார்த்தாள்.

“இன்னும் கொஞ்சம் இருக்குடி. நடந்த நம்பர் ஏறலன்னா பெங்களூர்ல எம் பொண்ணு கனிக்கு செல்போன்லயே தெரிஞ்சிடும்.”

“தெரிஞ்சா தெரியட்டுமே. முடியலன்னு சொல்லிடு.”

“சொன்னா அடுத்த நிமிஷம் காரைப் புடிச்சிகினு வந்து நிப்பா. அவ இருக்கற நிலைமைல வரலாமா? கர்ப்பப்பைல தையல் போட்டு, படுத்த இடத்தை விட்டு நகரக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க. கல்யாணமாகி எத்தினி வருஷம் கழிச்சித் தங்கினது. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சின்னா நா இன்னாடி பண்ணுவேன்?”

 ஸ்வர்ணலதா பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி கூட நடந்தாள். பாதிச் சுற்றில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

“ஏங்க்கா, வாட்ச்சைக் கட்டிகினே தறில குந்தேன். கயிறு இழுக்க இழுக்க அதுவா ஏறிடாது?”

“அதுவும் பண்ணிப் பாத்தாச்சி. நல்லாத்தான் ஏறிச்சி. ஆனா அந்தப் பாழாப்போன வாட்ச்சி, எங்க நடக்கறோம்னு மேப்பு வேற போட்டுக் காட்டுதாம். வீட்டுக்குள்ளயே இருந்துகினு ஏமாத்தறதான்னு ஒரே கத்தல். கனிக்கு பிரஷர் ஏறிடுச்சின்னு மாப்பிள்ளை போன் பண்ணாரு. அன்னையிலேந்து இந்த மைதானந்தான்.”

ஸ்வர்ணலதா சிரித்துவிட்டாள். பூங்காவனத்துக்குச் சிரிக்கத் தெம்பில்லை. வீட்டுக்குப் போனால் சமையல் இருக்கிறது, அதை முடித்தால் தறி மிதிக்க வேண்டும். காலுக்கு எங்கேயும் ஓய்வு இல்லை.

“ஒரு ஷூவாவது வாங்கிக்கக்கா. இந்த ரப்பர் செருப்புல நடந்தா குதிகால் போயிடும்.”

“ஷூன்ற பேச்சே எங்கிட்ட எடுக்காத.”

சுள்ளென்று விழுந்தது.  கொஞ்ச தூரம் போனதும் ஸ்வர்ணலதா மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணன் எழுந்திருப்பாரா?”

“எழுந்து, கட்டில்ல குந்திகினு, காபி எப்ப வரும்னு வாசலைப் பாத்துகினு இருப்பாரு. அவருக்கின்னா, மகராசன். லோல்படறது நானு.”

சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மிச்ச தூரத்தை வாட்ச்சைப் பார்த்தபடியே நடந்தாள். குழந்தை நல்லபடியாகக் கைக்கு வரும்வரை இந்தக் கால்கள் தாங்கினால் போதும், அப்புறம் விழுந்தால் விழட்டும் என்று இருந்தது.

வீட்டுக்குள் நுழையும்போதே கையிலிருந்த செல்போன் அடித்தது. கனிமொழிதான். வீடியோ கால்.

“ஜல்தி, ஜல்தி,” என்று கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டினார் சம்பந்தம்.

பூங்காவனம் வாட்ச்சை அவிழ்த்துப் புருஷன் கையில் கட்டினாள். அவர் கைக்கு அது அளவாக உட்கார்ந்தது. சொம்புத் தண்ணீரை அவர் நெற்றியில் கொஞ்சம் தெளித்து, தோளில் ஒரு துண்டைப் போட்டாள். நடந்து வியர்த்து வந்தவர் மாதிரியே ஆகிவிட்டார் மனுஷன்.

செல்போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பிடிக்கும் கையும் வலித்தது.

“அப்பா, இன்னைக்கும் முடிச்சிட்டீங்களா? சூப்பர்ப்பா. அறுபது வயசுல ஒரு நாள் கூட விடாம யாரால முடியும்? எங்க ஹவுஸ் ஓனர்கிட்டகூட உங்களப் பத்தித்தான் சொல்லிகினு இருந்தேன். சுகர் எப்டி இருக்கு?”

“குறைஞ்சிருக்கும்மா. நீ ஒழுங்கா மாத்திரை போடறியா?”

“அதெல்லாம் போடறேன். நீங்க தினம் நடக்கறதப் பாத்தாலே எனக்குப் பாதி தெம்பு வந்துடுதுப்பா. ஆமா, அம்மாவையும் கூட்டிகினு போங்களேன். எப்பப் பாரு வீட்லயே குந்திகினு இருந்தா உடம்பு இன்னாத்துக்கு ஆவும்?”

பூங்காவனம் சுவரில் சாய்ந்து, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உடம்பை மாற்றிக்கொண்டாள்.

“சொல்லிப் பாக்கறேம்மா,” என்றார் சம்பந்தம்.

“நீங்க மட்டும் இன்னா, ஆரம்பத்துல எவ்ளோ அடம். நா ஆசையா வாங்கி அனுப்பின ஷூவப் போட்டுகினு ரெண்டு நாள்கூட நடக்கல, அதுக்குள்ள கடிக்குது, புண்ணாயிடுச்சின்னு சாக்கு. போடப் போடச் சரியாயிடும், கழட்டாம நடங்கன்னு நாந்தான் திட்டினேன். இப்பச் சொல்லுங்க, கடிக்குதா?”

சம்பந்தம் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இல்லம்மா,” என்றார். “நீ சொன்ன மாதிரியே சரியாயிடுச்சி. இப்பல்லாம் கடிக்கறதே இல்ல.”

மகள் சிரித்தபடியே போனை வைத்தாள். பூங்காவனம் கட்டிலோரம் உட்கார்ந்து, அவர் இடுப்புக்குக் கீழே கிடந்த போர்வையை விலக்கி, ஷூ கடித்த புண் ஆறாமல் போய் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்ட வலது காலுக்குக் கட்டு மாற்றத் தொடங்கினாள்.